பார்த்துக் கொடுங்கள்

வேலை முடிந்ததும், "எவ்வளவு தரவேண்டும்?" என்று கேட்டால் நம் ஊரில் சிலர் தொகையைச் சொல்லமாட்டார்கள். மூட்டையைச் சுமந்துவந்து இறக்கியவர், கிரகப்பிரவேசம் நடத்திவைத்த வாத்தியார், ஆடுகிற கட்டிலுக்கு நாலு ஆணி அடித்துக் கொடுத்த ஆசாரி, எல்லாரிடமும் ஒரே பதில்தான்: "ஏதோ, பார்த்துக் கொடுங்கள்." இதைப் பேரத்தில் ஒரு தந்திரம் என்று சொல்கிறவர்கள் உண்டு. தொகையைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் கிடைக்காது. சொல்லாமல் விட்டால் கேட்டவன் வெட்கப்பட்டு நாலு காசு கூடக் கொடுப்பான் என்பது கணக்காம். இருக்கட்டும். எனக்கு அந்த வாக்கியத்தில் வேறொன்று பிடித்திருக்கிறது. கொடுப்பதற்கு முன்னால் பார்ப்பது என்று ஒரு காரியம் உண்டு என்பதை அது ஒப்புக்கொள்கிறது. எதைப் பார்ப்பது? செய்த வேலையையா, செய்தவரின் வியர்வையையா, நம்முடைய அந்தஸ்தையா? அதை அவர் சொல்வதில்லை. நம்மிடம் விட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்.

கூலிக்கே பார்க்க வேண்டும் என்றால் பரிசுக்கு எவ்வளவு பார்க்க வேண்டும்! ஆனால் பரிசுப் பொருள் விற்கிற கடையில் ஒரு கால் மணி நேரம் நின்று கவனியுங்கள். கடைப் பையன் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை ரூபாய்க்குள்ளே பார்க்கிறீங்க, சார்?" என்பது. இரண்டாவது கேள்வி, "கல்யாணமா, கிரகப்பிரவேசமா?" என்பது. "யாருக்கு?" என்று அவன் கேட்பதே இல்லை. பையனைக் குறை சொல்வதற்கில்லை. வந்தவருக்கே அதற்குப் பதில் தெரியாது என்பதை அவன் அனுபவத்தில் கண்டிருக்கிறான். அவர் வாங்க வந்திருப்பது ஒரு தொகைக்கும் ஒரு சடங்குக்கும்தான். அந்தச் சடங்கில் மாலையும் கழுத்துமாக நிற்கப்போகிற பிள்ளைக்குப் படிப்பதில் ஆசையா, தோட்டம் போடுவதில் ஆசையா, அந்தப் பெண் பாடுவாளா, படம் வரைவாளா என்பதெல்லாம் அவருக்குத் தேவைப்படாத விவரங்கள்.

ஒரே கல்யாணத்தில் ஏழு சுவர்க் கடிகாரங்கள் வந்து சேர்ந்த வீடு ஒன்று எனக்குத் தெரியும். ஏழும் ஏழு மணி காட்டிக்கொண்டு பரணில் கிடந்தன. எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறவர்கள் தங்கள் பெயரையும் தேதியையும் அதில் வெட்டிக் கொடுப்பார்கள். சில குடங்களில் மணமக்கள் பெயர் சிறிதாகவும் கொடுத்தவர் பெயர் பெரிதாகவும் இருக்கும். அதிலும் ஒரு நன்மை உண்டு. அந்தக் குடத்தை அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு யாருக்காவது தள்ளிவிட முடியாது. பெயர் வெட்டாத தீபாவளி இனிப்புப் பெட்டிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. மேலே கட்டிய ரிப்பன்கூட அவிழாமல் நாலு வீடு சுற்றிவிட்டு ஐந்தாவதாகப் புறப்பட்ட வீட்டுக்கே அது திரும்பி வந்ததைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

இதையெல்லாம்விட மொய் எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம். பந்தல் வாசலில் மேஜை போட்டு, நோட்டும் பேனாவுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும். நூற்று ஒன்று, ஐந்நூற்று ஒன்று என்று அந்தக் கடைசி ஒரு ரூபாய் தவறாமல் இருக்கும். இப்போது அந்த ஒற்றை ரூபாயை ஒட்டியே உறை விற்கிறார்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஆடி மாதத்தில் மொய்விருந்து என்றே தனியாக வைப்பதுண்டு. கல்யாணம், காதுகுத்து என்ற சாக்குக்கூட வேண்டாம். கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். வாங்கினவர் பிறகு மற்றவர் விருந்தில் வாங்கினதற்குமேல் கொஞ்சம் சேர்த்துச் செய்துவிடவேண்டும். இதைப் பார்த்து முகம் சுளிக்கிற பட்டணத்துக்காரர்களோடு எனக்குச் சம்மதமில்லை. ஊர் கூடி ஒருவனுக்குக் கந்து வட்டி இல்லாமல் முதல் திரட்டிக் கொடுக்கிற ஏற்பாடு அது. அதில் கிணறு வெட்டினவர்களும் பிள்ளையைப் படிக்க வைத்தவர்களும் இருக்கிறார்கள். அதை அவர்கள் அன்பளிப்பு என்று சொல்லிக்கொள்வதில்லை. கணக்கு என்றுதான் சொல்கிறார்கள். கணக்கைக் கணக்கு என்று சொல்வதில் என்ன கேவலம்?

கேவலம் வேறிடத்தில் இருக்கிறது. 1961-ல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. கேட்காமல் மனமுவந்து கொடுக்கிற பொருள்களுக்குப் பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும் என்று 1985-ல் விதியும் வந்தது. கார், நகை, பிளாட்டு எல்லாம் அந்தக் கணத்திலிருந்து "பெண்ணுக்கு அவர்களாக ஆசைப்பட்டுச் செய்தது" ஆகிவிட்டன. பரிசு என்ற சொல்லை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது. இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

ஏழைக்குக் கொடுப்பதுதான் கொடை, மற்றவையெல்லாம் குறியெதிர்ப்பை என்று வள்ளுவர் கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த வீட்டில் ஓர் உழக்கு அரிசி அளந்து வாங்கி, நம் வீட்டில் அரிசி வந்ததும் அதே உழக்கால் அளந்து திருப்பிக் கொடுக்கிறோமே, அதுதான் குறியெதிர்ப்பை. மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞரும், பசிபிக் தீவுகளின் மக்களையும் வட அமெரிக்காவின் மேற்குக் கரைப் பழங்குடிகளையும் பற்றிய செய்திகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 1925-ல் எழுதிய நூலில், கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிச் செய்வது மூன்றுமே கட்டாயங்கள் என்று காட்டினார். சும்மா கொடுத்தது என்று ஒன்று கிடையாது என்கிறார் அவர். இருவரும் சொல்வதை ஏற்றுக்கொண்டால் நண்பனுக்கு நான் வாங்கிக் கொடுக்கிற புத்தகமும் உழக்கு அரிசிதானா என்ற கேள்வி வருகிறது.

அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஜோயல் வால்ட்ஃபோகல் என்பது அவர் பெயர். 1993-ல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், கிறிஸ்துமஸ் பரிசுகளால் உலகத்துக்கு நஷ்டம் என்று நிரூபிக்கப் பார்த்தார். கல்லூரி மாணவர்களிடம், "உனக்கு வந்த பரிசுகளை நீயே வாங்குவதானால் என்ன விலை கொடுப்பாய்?" என்று கேட்டார். கொடுத்தவர்கள் செலவழித்த தொகையைவிட அந்த விலை குறைவாக இருந்தது. நூற்றுக்குப் பத்து முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீண் என்று கணக்குப் போட்டார். பணமாகக் கொடுத்திருந்தால் காசும் வீணாகியிராது. நம் மொய் நோட்டுக்காரர் இதைக் கேட்டால், "இதைத்தானே நாங்கள் செய்கிறோம்" என்பார்.

ஆனால் அந்தக் கட்டுரையில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. நண்பர்களும் காதலர்களும் கொடுத்த பரிசுகளில் நஷ்டம் குறைவு. தாத்தா பாட்டி, அத்தை மாமா கொடுத்தவற்றில் அதிகம். அதாவது, பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அவ்வளவாகத் தவறவில்லை. மற்றொன்று இன்னும் முக்கியமானது. பொருளோடு ஒட்டிக்கொண்டிருக்கிற பாசத்தின் மதிப்பைக் கழித்துவிட்டு விலையைச் சொல் என்றுதான் பேராசிரியர் கேட்டார். கருப்பட்டியில் இனிப்பைக் கழித்துவிட்டு எடை போடு என்பது போன்ற கேள்வி!

எழுத்தாளன் என்றால் பேனாதான் பரிசு என்று எங்கோ விதி எழுதியிருக்கிறது போலும். கூட்டங்களிலும் விழாக்களிலும் எனக்கு வந்த பேனாக்கள் ஒரு பிஸ்கட் தகரம் நிறைய இருக்கின்றன. நான் பென்சிலால் எழுதுகிறவன். கொடுத்தவர்கள் என் கதைகளைப் படித்திருக்கிறார்கள், என்னைப் பார்த்ததில்லை. அதனால் வருத்தம் ஒன்றும் இல்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிற நண்பர் ஒருவர் மாதத்துக்கு ஒரு தடவை புரூஃப் கொண்டுவருவார். பேசாமல் உட்கார்ந்திருப்பார், காப்பி சாப்பிடுவார், போய்விடுவார். என் எழுதுமேஜைக்கு ஒரு கால் கொஞ்சம் கட்டை. காகிதத்தை எட்டாக மடித்து அதன் அடியில் செருகி வைப்பேன். நாலு நாளில் அது நசுங்கிவிடும், மறுபடி மடிப்பேன். ஒரு நாள் நண்பர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு தேக்குத் துண்டை எடுத்தார். குனிந்து மேஜைக் காலடியில் வைத்தார். மேஜையை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுப் புரூஃபைப் பிரித்தார். துண்டை அளவெடுத்து இழைத்து, ஓரங்களில் உப்புத்தாள் தேய்த்திருந்தது. எப்போது அளவெடுத்தார் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இதற்கு நான் என்ன விலை போடுவேன் என்று அந்தப் பேராசிரியர் கேட்டால், தச்சுப்பட்டறையில் குப்பையோடு கிடக்கிற துண்டு, காலணாப் பெறாது என்றுதான் சொல்லவேண்டியிருக்கும். பாசத்தைக் கழித்துவிட்டல்லவா சொல்லவேண்டும்?

இதைச் சொல்லும்போது ஒரு வாசகர் எழுந்து கேட்கலாம்: "ஐயா, இதெல்லாம் வயிறு நிறைந்தவர்கள் பேச்சு. இல்லாதவனுக்குப் பணம்தானே தேவை? அவனைப் பார்க்கிறோமா, பார்க்கவில்லையா என்பதா முக்கியம்?" நியாயமான கேள்வி. பசித்தவனுக்கு நான் யோசித்து யோசித்துத் தேர்ந்தெடுத்த பூச்சாடி வேண்டாம். பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்வதே மரியாதை. ஆனாலும் பசித்தவனுக்கு எப்படிக் கொடுத்தால் என்ன என்று முடிவு கட்டிவிடவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. பெருஞ்சித்திரனார் குறுக்கே நிற்கிறார்.

புறநானூற்றில் அவர் வீட்டு வறுமையை அவரே சொல்லியிருக்கிறார். சாவு வரவில்லையே என்று நொந்துகொள்கிற கிழத்தாய், பிள்ளைகள் பிய்த்தெடுக்க மெலிந்துபோன மனைவி, உப்பில்லாமல் வெந்த கீரை. அந்த வீட்டிலிருந்து புறப்பட்டு மலைகளைத் தாண்டி, அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்க்கப் போனார் மனிதர். அதியமான் அவரைப் பார்க்காமலே பரிசிலைக் கொடுத்து, இதை வாங்கிக்கொண்டு போகச் சொன்னான். புலவர் தொடவில்லை. முகம் பாராமல் கொடுத்ததை வாங்கிப் போக நான் வியாபாரி அல்ல என்றார். என் தகுதியை அறிந்து கொடுத்தால் தினையளவு போதும் என்றார். புறநானூற்றின் 208-ஆம் பாட்டு இது. வீட்டில் அடுப்பு எரியாத மனிதர் இதைச் சொல்கிறார் என்பதை மறந்துவிட்டுப் படித்தால் வெறும் வீம்பாகத் தோன்றும். தம்மிடம் மிச்சமிருந்த ஒன்றே ஒன்றை அவர் காப்பாற்றிக்கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. நாளைக்குப் பிள்ளைகள் அழும்போது அந்த ஒன்று சோறாகாது என்பதும் அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

இதில் விசேஷம் என்னவென்றால், இதே அதியமான்தான் ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்தவன். ஏறமுடியாத உச்சிப் பிளவிலிருந்து எடுத்த கனி. தின்றவரைச் சாவிலிருந்து விலக்கும் என்பது நம்பிக்கை. அதன் பெருமையைத் தன் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் கொடுத்தான் என்கிறார் ஔவையார். நாம் பள்ளிக்கூடத்திலிருந்தே அவன் அருமையான கனியைக் கொடுத்துவிட்டான் என்பதைத்தான் பாராட்டிக்கொண்டு வருகிறோம். எனக்கு அந்தச் சொல்லாமல் இருந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. சொல்லியிருந்தால் ஔவையார் தின்றிருக்கமாட்டார். "நாடாள்கிறவன் நீ, நீ சாப்பிடு" என்றிருப்பார். அதை அவன் முன்கூட்டியே அறிந்திருந்தான். ஒரே அரசன், ஒரே கை, அதே செல்வம். ஒரு புலவரை அறிந்து கொடுத்தான். மற்றொரு புலவரைப் பாராமல் கொடுத்தான். ஆகவே இது குணத்தைப் பொறுத்த விஷயம் மட்டும் அல்ல என்று தோன்றுகிறது. நல்லவன் என்ற பெயரை ஒருமுறை வாங்கிவிட்டால், அதன்பிறகு பாராமலே கொடுக்கலாம் என்ற மிதப்பு வந்துவிடுமோ என்னவோ.

பார்த்தால் மட்டும் போதுமா? பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமலும் இருக்கவேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எழுபது நிறைந்தபோது பிள்ளைகள் சேர்ந்து வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள், கண்ணால் பார்த்துத்தான் வாங்கினார்கள். அப்பாவுக்கு இடது முழங்கால் இரண்டு வருஷமாகத் தகராறு. ஆனால் அந்த இரண்டு வருஷமும் அவர் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியாது. கோயிலுக்குப் போகும்போது மூன்றாவது வீட்டுத் திண்ணையில் நின்று குசலம் விசாரிப்பார். எட்டாவது வீட்டில் பத்திரிகையில் என்ன விசேஷம் என்பார். தெரு முழுவதும் அவரைச் சிநேகமான மனிதர் என்று சொல்லிற்று. கால் வலிக்குத்தான் நிற்கிறார் என்பது ஒருவருக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்தார். எழுபதாம் கல்யாணப் பந்தலில், இருநூறு பேர் நடுவில், கைத்தடியைக் கையில் கொடுத்துப் புகைப்படமும் எடுத்துவிட்டார்கள். அந்தத் தடி இப்போது உயரக் கொடியில் துணி போட உதவுகிறது.

அந்த வீட்டிலேயே பேரன் ஒருவன், பதின்மூன்று வயது. சாயங்காலம் தாத்தா புறப்படும்போது அவனும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவான். ஏறி ஓட்டமாட்டான், தள்ளிக்கொண்டே கூட நடப்பான். தாத்தா பேச்சு சுவாரசியத்தில் கையைச் சைக்கிள் ஸீட்டின்மேல் வைத்துக்கொள்வார். இருவரும் கோயில் வரைக்கும் எங்கும் நிற்காமல் போய்விட்டு வருவார்கள். பையன் தெரிந்துதான் செய்கிறானா என்று நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அடுத்த நாளிலிருந்து தாத்தா மூன்றாவது வீட்டில் நிற்க ஆரம்பித்துவிடுவாரோ என்று பயம்.

இப்படிப் பார்ப்பது நமக்கு எங்கே அதிகமாகத் தவறிப்போகிறது என்று யோசித்தால், அந்நியரிடம் அல்ல, வீட்டில்தான். புதிதாகச் சிநேகமானவருக்குப் பிறந்தநாள் என்றால் நாலு நாள் யோசிக்கிறோம். முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனைவியிடம், "உனக்கு என்ன வேண்டும், சொல்லு" என்று நேராகவே கேட்டுவிடுகிறோம். கேட்பது அன்பினால்தான். ஆனாலும் அது கடைப் பையனின் கேள்விக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. பெரும்பாலான வீடுகளில் அதற்கு வருகிற பதில், "எனக்கு என்ன, ஒன்றும் வேண்டாம்" என்பது. இந்தப் பதிலைத் திருப்தி என்று எடுத்துக்கொண்டு பத்திரிகையைப் பிரிக்கிறவர்கள் பாக்கியசாலிகள்.

வெளிநாட்டில் இருக்கிற மகன் ஒருவன் ஊரில் தனியாக இருக்கிற தாயாருக்குத் துணி துவைக்கும் இயந்திரம் அனுப்பினான். விலை உயர்ந்தது. அம்மா இந்த வயதில் கல்லில் அடித்துத் துவைக்கிறாளே என்று அவனுக்குத் தாங்கவில்லை. அம்மாள் அதன்மேல் பூப்போட்ட துணி விரித்து, சுவாமி படங்களை வைத்து விளக்கேற்றுகிறாள். துவைப்பது கல்லில்தான். அடுத்த வீட்டுக்காரியும் அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் துவைக்க வருவாள். பகல் பொழுதில் அந்த அம்மாள் ஒரு மனிதரோடு பேசுகிறது அந்த அரைமணி நேரம்தான். பையன்மேல் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வராது. கடலுக்கு அப்பாலிருந்து அவனுக்குத் துணி தெரிந்தது, கல் தெரிந்தது, சுவர் தெரியவில்லை. அதைப் பார்ப்பதற்கு ஒரு பத்து நாளாவது அந்தக் கிணற்றடியில் உட்காரவேண்டும். இயந்திரத்தைவிட அந்தப் பத்து நாளுக்குத்தான் விலை அதிகம், அதனால்தான் இயந்திரம் வந்தது.

கொடுக்கவேண்டியதைக் கொடுக்க முடியாதபோது, அல்லது கொடுக்க மனமில்லாதபோது, அதன் இடத்தில் ஒரு பரிசைக் கொண்டுவந்து வைக்கிற பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. இது நேற்று வந்ததும் அல்ல. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை எல்லாருக்கும் தெரியும். குளிரில் நடுங்குகிறதே என்று இரங்கித் தன் போர்வையைப் போர்த்தியவன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். மயில் போர்வையைப் போர்த்திக்கொள்ளாது என்பது அவனுக்குத் தெரியாதா என்று சிரிக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஒரு பறவையின் குளிரைக் கண்டுகொண்ட கண் சாதாரணக் கண் அல்ல. ஆனால் அதே புறநானூற்றில், 143 முதல் 147 வரை, ஐந்து பாட்டுக்கள் வேறொரு செய்தியைச் சொல்கின்றன. பேகன் தன் மனைவியை விட்டுப் பிரிந்து வேறொருத்தியோடு இருக்கிறான். மனைவியின் பெயர் கண்ணகி. சிலப்பதிகாரத்துக் கண்ணகி அல்ல, இவள் வேறு. கூந்தலுக்கு எண்ணெய் பூவின்றி அழுதுகொண்டிருக்கிறாள்.

கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நாலு புலவர்கள் அவளுக்காக அவனிடம் போயிருக்கிறார்கள். பரணர் அந்த மயிலையே முதலில் நினைவுபடுத்துகிறார். மயில் குளிரால் நடுங்கும் என்று இரங்கியவனே என்று கூப்பிட்டுவிட்டு, நான் பசித்தும் வரவில்லை, என் சுற்றத்துக்காகவும் வரவில்லை, இன்றிரவே தேர் ஏறிப் போய் அவள் துயரத்தைத் தீர்ப்பதுதான் நான் கேட்கிற பரிசில் என்கிறார். அரிசில்கிழார் உன் நகையும் வேண்டாம், பொருளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதையேதான் கேட்கிறார். கேட்டதைக் கொடுத்தே பழகின வள்ளல். நாடு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பான். புலவர்கள் கேட்டது அவன் வீட்டு வாசலுக்கு அவனே போவதை.